டங்ஸ்டன் ராடுக்குள் இருக்கும் அந்த 2 சதவீதம்

சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் எங்கள் பட்டறையில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. மதுரையில் எவர்சில்வர் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். தண்ணீர்ப் பந்தலுக்குத் தொட்டி, நீர்மோர் அண்டாவுக்கு ஸ்டாண்டு, அன்னதானத்துக்குப் பெரிய அடுப்பு என்று அழகர் ஆற்றில் இறங்குகிற முந்தின நாள் வரைக்கும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு நேரத்தில், 500 லிட்டர் பிடிக்கிற குடிதண்ணீர்த் தொட்டி ஆறு செய்யும் வேலை வந்தது. 304 ரக எவர்சில்வர் தகடு, 1.2 மில்லிமீட்டர் கனம். மூலை எல்லாம் ஆர்கான் வெல்டிங், அதாவது டார்ச் நுனியில் இருக்கிற டங்ஸ்டன் ராடிலிருந்து ஆர்க் என்கிற மின்சுடர் தகட்டுக்குப் பாய்ந்து உருக்கும், சுற்றிலும் ஆர்கான் வாயு காற்றைத் தடுக்கும். எங்களுக்கு அது கஷ்டமான வேலையே இல்லை, பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

முதல் தொட்டியிலேயே தகராறு ஆரம்பித்தது. பட்டனை அழுத்தினால் ஆர்க்கைப் பிடிக்கவைக்கிற ஹெச்.எஃப். பொறியின் சத்தம் மட்டும் கேட்கிறது, ஆர்க் பிடிக்கவில்லை. மூன்று நாலு வினாடி கழித்துப் பிடிக்கும், பிடித்ததும் பக்கவாட்டில் ஓடும், திடீரென்று செராமிக் கப்பின் ஓரத்துக்குத் தாவும். பையன் கூப்பிட்டான், "அண்ணே, ஆர்க் நிக்கவே மாட்டேங்குதுண்ணே, வந்து பாருங்க". போய்ப் பார்த்தால் மூலையில் இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஆர்க் அலைந்தால் ஆள் தன்னை அறியாமல் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோவான், கரண்டைக் கூட்டுவான், 1.2 மில்லி தகடு அதைத் தாங்காது.

நான் முதலில் குறை சொன்னது கரண்டை. அவனியாபுரம் பக்கம் கோடையில் மத்தியானம் வோல்டேஜ் இறங்கும், அதனால் அதுதான் என்று நினைத்து வேலையை ராத்திரிக்கு மாற்றினேன். ராத்திரியும் அதே கதை. அப்புறம் சிலிண்டர் மாற்றினேன், எர்த் கிளாம்பைத் தேய்த்துச் சுத்தம் பண்ணினேன், டார்ச் கேபிளை மாற்றினேன், கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மெஷினைத் திறந்தே பார்த்தாயிற்று. முழுசாக இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் காலையில் டூல் பாக்ஸின் அடியில், போன தடவை வாங்கிய பெட்டியில் மிச்சமான ஒரு துண்டு ராடு கிடைத்தது, விரல் நீளம்கூட இருக்காது. அதைச் சாணை பிடித்து, டார்ச்சில் ராடைக் கவ்விப் பிடிக்கிற காலெட்டில் போட்டு பட்டனை அழுத்தினேன். உடனே பிடித்தது, நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. மெஷின், கேஸ், கரண்டு எதையும் மாற்றவில்லை.

இரண்டு ராடையும் எடுத்து வெயிலில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டுக்குமே பின்முனையில் சிவப்புப் பெயின்ட். சிவப்பு என்றால் தோரியம் ஆக்சைடு கலந்தது, பச்சை என்றால் எதுவும் கலக்காத சுத்த டங்ஸ்டன். ஆனால் புது ராடின் கூர் மழுங்கி, உச்சியில் சின்னதாக ஒரு மணி உட்கார்ந்திருந்தது, கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. பழைய துண்டின் கூர் அப்படியே இருந்தது, உச்சியில் பளபளப்பு இல்லாமல் லேசான சாம்பல் நிறம், அதற்கு ஒரு மில்லி கீழே முள் முள்ளாக மெல்லிய வளையம். டிசி நெகட்டிவில், அதாவது ராடை நெகட்டிவ் பக்கம் இணைத்து, அதுவும் 60, 70 ஆம்பியரில், 1.6 மில்லி சிவப்பு ராடு இப்படி உருண்டு போகக் கூடாது. உருண்டால் அது சுத்த டங்ஸ்டன். பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டிய ராடுக்கு யாரோ எங்கேயோ சிவப்பு அடித்துவிட்டார்கள். வாங்கின கடையில் கேட்டேன். எல்லாம் ஒரே பெட்டிதான் என்று சொல்லிவிட்டார், காசும் வரவில்லை. வேறு இடத்தில் வாங்கி ஆறு தொட்டியையும் முடித்து எதிர்சேவைக்கு முந்தின நாள் இறக்கிவிட்டோம்.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு கேள்வி மனசை விட்டுப் போகாமல் இருந்தது. ராடில் 98 சதவீதம் டங்ஸ்டன், வெறும் 2 சதவீதம்தான் தோரியம் ஆக்சைடு. அந்த இரண்டு இல்லாவிட்டால் ஒரு பட்டறையே இரண்டு நாள் நின்றுபோகிற அளவுக்கு அது என்ன செய்கிறது? தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சிவப்பு வாங்கு, கூர் தீட்டு, பற்றவை, அவ்வளவுதான்.

இதைத் தெளிவாக்கியவர் ஒரு வாடிக்கையாளர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஐயா, வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி செய்யக் கொடுத்திருந்தார். பட்டறைக்கு வந்தபோது அந்த இரண்டு ராடையும் காட்டிக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, உங்க ஊர்ல கிணறு பார்த்திருப்பீங்கள்ல? உலோகத்துக்குள்ள எலக்ட்ரான் அது மாதிரி நிறையக் கிடக்கு. ஆனா தானா வெளிய வராது, இறைக்கணும். எவ்வளவு ஆழம்ங்கிறதுதான் கணக்கு. சுத்த டங்ஸ்டன்ல அந்த ஆழம் 4.5 எலக்ட்ரான் வோல்ட். மேல தோரியம் ஒரு படலமா வந்து உக்காந்துச்சுன்னா 2.6. நாப்பத்தஞ்சு அடியில கிடந்த தண்ணி இருபத்தாறு அடிக்கு ஏறி வந்த மாதிரி."

"அப்ப பாதி உழைப்பு மிச்சம்ங்களா ஐயா?"

"பாதியா? அந்தக் கணக்கு நேர்கோட்டுல போகாது தம்பி. கொஞ்சம் ஆழம் குறைஞ்சாலே வர்ற எலக்ட்ரான் மடங்கு மடங்கா கூடும். ஒரே சூட்டுல ரெண்டையும் வச்சா, தோரியம் போட்டதுல ஆயிரம் மடங்குக்கு மேல வரும்."

பிளஸ் டூ பாடப் புத்தகத்தில் இதற்கு வெளியேற்று ஆற்றல் என்று பெயர், என் மகள் புத்தகத்தில் பிறகு பார்த்தேன். சூடான உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வருகிற கணக்கை எழுதியவர் ரிச்சர்ட்சன், அதற்காக 1928-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஐயா சொன்னதில் எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. பழைய குண்டு பல்பு இருக்கிறதே, அதன் இழையில் டங்ஸ்டன் மணிகள், அதாவது உலோகத்துக்குள் இருக்கிற நுண்படிகங்கள், சூட்டில் பெரிதாகி, இழை தொய்ந்து அறுந்துபோகுமாம். அதைத் தடுக்கத்தான் கொஞ்சம் தோரியம் ஆக்சைடைக் கலந்திருக்கிறார்கள். எலக்ட்ரானுக்காக யாரும் கலக்கவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் லாங்மியூர் என்பவர் 1910-களில் அந்த இழைகளைச் சோதிக்கும்போது, சில இழைகளிலிருந்து மட்டும் எலக்ட்ரான் அளவுக்கு மீறிக் கொட்டுவதைப் பார்த்து ஏன் என்று தேடியிருக்கிறார். அங்கிருந்து ரேடியோ வால்வு, அங்கிருந்து நம் டார்ச். வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கிற மேக்னட்ரானிலும் அதே தோரியம் கலந்த டங்ஸ்டன் இழைதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்த பிறகு, நான் தினமும் செய்கிற ஒவ்வொரு சின்ன வேலைக்கும் காரணம் புரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டங்ஸ்டன் 3422 டிகிரியில் உருகும், அதை உருக்கி வார்த்து ராடு செய்வதில்லை. டங்ஸ்டன் பொடியோடு ஆக்சைடுப் பொடியைக் கலந்து, அழுத்தி, சூடேற்றி ஒட்டவைத்து, அடித்து நீட்டி, இழுத்து, கடைசியில் பாலிஷ் பண்ணுகிறார்கள். ஆக, ராடு முழுக்க, நடுவிலிருந்து மேல்தோல் வரை, ஆக்சைடு பொட்டுப் பொட்டாக உள்ளே பதிந்து கிடக்கிறது. ஆர்க் எரியும்போது முனையில் இருக்கிற தோரியம் ஆக்சைடில் கொஞ்சம் ஆக்சிஜனை விட்டுத் தோரியமாகி, டங்ஸ்டன் மணிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக மேலே வருகிறது. மேலே வந்து ஒரே ஒரு அணு கனத்துக்குப் பரவுகிறது. அந்த அணுக்கள் தன் எலக்ட்ரானில் கொஞ்சத்தை டங்ஸ்டன் பக்கம் தள்ளிக்கொடுப்பதால் வெளிப்பக்கம் பாசிட்டிவ், உள்பக்கம் நெகட்டிவ் என்று ஆகி, அந்த மெல்லிய அடுக்கு உள்ளே இருக்கிற எலக்ட்ரானை வெளியே இழுத்துவிடுகிறது. கிணற்றின் ஆழம் குறைவது இப்படித்தான். சூட்டில் அந்தப் படலம் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உள்ளே இருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். வெளியே பூச்சாகப் பூசியிருந்தால் கொஞ்ச நேரத்தில் காலியாகியிருக்கும். உள்ளே பதித்ததால்தான் ராடு தீரும் வரைக்கும் ஓடுகிறது.

எலக்ட்ரான் சுலபமாக வருவதால் முனை குறைந்த சூட்டிலேயே வேலையைச் செய்துவிடுகிறது, அதனால் கூர் உருகாமல் நிற்கிறது. சுத்த டங்ஸ்டன் அதே கரண்டைக் கொடுக்க உருகுகிற அளவுக்குச் சூடாக வேண்டியிருக்கிறது, மணி கட்டுவதற்குக் காரணம் அதுதான். நான் கண்ணாடியில் பார்த்தது முழுக்க இதுதான்.

சரி, இதெல்லாம் நல்ல செய்தி. அன்றைக்கு ஐயா இன்னொன்றும் சொன்னார், அது என்னை உட்காரவைத்துவிட்டது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. பெட்டியில் ஏதோ எச்சரிக்கைப் படம் போட்டிருக்கும், நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. 2.4 மில்லி சிவப்பு ராடு ஒன்று, 150 மில்லி நீளம், எடை கிட்டத்தட்ட 13 கிராம். அதில் தோரியம் ஆக்சைடு கால் கிராம் அளவுக்கு இருக்கும். தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம், அதாவது மிக மிக மெதுவாகச் சிதைகிறது, அது வெளியிடுகிற ஆல்ஃபா கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும், நம் தோலும் தடுத்துவிடும். எனவே ராடைக் கையில் பிடிப்பதாலும் பெட்டியை அலமாரியில் வைப்பதாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆபத்து தூளில்தான். சாணை பிடிக்கும்போது பறக்கிற தூள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கே தடுக்கக் காகிதமும் இல்லை தோலும் இல்லை, உள்ளேயே உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிற திசுவைத் தாக்கிக்கொண்டே இருக்கும்.

பத்தொன்பது வருஷத்தில் பதினைந்து வருஷம் நான் மாஸ்க் இல்லாமல் சாணை பிடித்தவன். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. அதே சட்டையோடு வீட்டுக்குப் போய், அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கியிருக்கிறேன். சாயங்காலம் பெஞ்சைச் சுத்தம் செய்ய கம்ப்ரஸர் காற்றை அடித்து ஊதியிருக்கிறோம், தூள் பட்டறை முழுக்கப் பறக்கும், பையன்கள் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான். ஆர்கான் வேலை செய்கிற தம்பிகள் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்: சிவப்பு ராடு சாணை பிடிக்கும்போது நல்ல மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை போதாது, தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், டீ குடிக்கும் முன்னால் கை கழுவுங்கள். முடிந்தால் சாணைக்குப் பக்கத்திலேயே தூள் உறிஞ்சுகிற ஏற்பாடு ஒன்று வையுங்கள். நான் பழைய வாக்கும் கிளீனர் ஒன்றை வைத்துப் பார்த்தேன், அது நல்ல வடிகட்டி இல்லாத சாதாரண கிளீனர், நுண்தூளை இந்தப் பக்கம் உறிஞ்சி அந்தப் பக்கம் விட்டுவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வடிகட்டி சரியானதாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. என் மச்சான் வீடு குளச்சல் பக்கம். அங்கே போகும்போதெல்லாம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் கருப்பு மணலைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கருமணலுக்குள் தேன் நிறத்தில் மோனசைட் என்று ஒரு கனிமம் கலந்திருக்கிறது, தோரியம் அதிலிருந்துதான் வருகிறது. 1909-இலேயே அங்கே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதற்கு இருந்த பெரிய கிராக்கி கேஸ் விளக்கு மேன்டிலுக்காக, அதாவது சுடர் மேல் மாட்டுகிற வலைப்பைக்காக. பெட்ரோமாக்ஸ் மேன்டில் பளீரென்று வெள்ளையாக எரியுமே, அது அந்தக் காலத்தில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, 1 சதவீதம் சீரியம் ஆக்சைடு என்கிற கலவையாக இருந்தது. அந்த ஒரு சதவீதம் இல்லாவிட்டால் வெளிச்சமே மங்கிவிடும். சின்ன வயசில் எங்கள் ஊர்த் திருவிழாவில், உசிலம்பட்டிக்கு மேற்கே, கரகாட்டத்துக்கு பெட்ரோமாக்ஸ் தூக்கிக்கொண்டு போவார்கள், உடைந்த மேன்டிலின் வெள்ளைச் சாம்பலை நாங்கள் விரலால் தொட்டு விளையாடியிருக்கிறோம்.

விஷயம் என்னவென்றால், அதே மோனசைட்டில் தோரியத்தைவிட அதிகமாக இருப்பது சீரியமும் லாந்தனமும். இரண்டுக்கும் தோரியம் மாதிரியான கதிரியக்கத் தொல்லை கிடையாது. இரண்டின் ஆக்சைடையும் டங்ஸ்டனுக்குள் பதித்தால் அவையும் வெளியேற்று ஆற்றலைக் குறைக்கின்றன, ஏறக்குறைய தோரியம் அளவுக்கே. அப்புறம் ஏன் நாம் இன்னும் சிவப்பையே பிடித்துக்கொண்டு இருக்கிறோம்? பழக்கம்தான். கடையில் கேட்காமலே சிவப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

நான் நீலத்துக்கு மாறினேன். முனையில் நீலம் இருந்தால் 2 சதவீத லாந்தனம், தங்க நிறம் 1.5, கருப்பு 1. சாம்பல் நிறம் 2 சதவீத சீரியம். சிவப்பு 2 சதவீத தோரியம், பச்சை எதுவும் கலக்காதது, வெள்ளை ஸிர்கோனியம். இது சர்வதேசத் தரத்தின் நிறக் கணக்கு, பழைய அமெரிக்க முறையில் சீரியத்துக்கு ஆரஞ்சு.

ஒரேயடியாக மாறவில்லை. 1.6 மில்லியில் சிவப்பு, நீலம், சாம்பல் மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மூன்று பையன்களிடம் கொடுத்து, ஒரே மாதிரி வேலையை ஒரு வாரம் செய்யச் சொன்னேன். இட்லி ஸ்டீமர் பெட்டி, ஓட்டலுக்குப் போகிறது, ஒரு பெட்டிக்கு நிறையச் சின்னச் சின்னத் தையல், அதாவது ஆர்க்கை விட்டு விட்டு நூறு தடவைக்கு மேல் பிடிக்க வேண்டியிருக்கும், ராடைச் சோதிக்க இதைவிட நல்ல வேலை இல்லை. நீலம் பிடிப்பதில் சிவப்புக்குக் குறையவே இல்லை, கூரும் கூடுதல் நேரம் நின்றது. சிவப்பில் ஆறேழு தடவை சாணை பிடித்த இடத்தில் நீலத்தில் நாலு தடவை. சாம்பல் ராடு குறைந்த கரண்டில் அருமை. ஸ்வீட் ஸ்டால் தட்டு மாதிரி 0.8 மில்லி தகட்டில் 20 ஆம்பியரில் தொட்டவுடன் பிடிக்கும். ஆனால் 3 மில்லி தகட்டில் 120 ஆம்பியரில் நாள் முழுக்க ஓட்டினால் சாயங்காலத்துக்குள் தளர்ந்துபோகிறது. காரணம் ஐயா சொன்னார்: சீரியம் ஆக்சைடு அதிகச் சூட்டில் சீக்கிரம் முனைக்கு நகர்ந்து சீக்கிரம் தீர்ந்துபோகும், தோரியம் ஆக்சைடு சூட்டைத் தாங்குவதில் கெட்டி, அதனால் மெதுவாகத்தான் வரும். எனவே எங்கள் பட்டறையில் இப்போது பொது வேலைக்கு நீலம், மெல்லிய தகட்டுக்குச் சாம்பல். சிவப்பு வாங்குவதை நிறுத்திவிட்டோம். அலுமினியம் வேலை வந்தால் ஏசி கரண்டில் வைத்து நீலத்திலேயே செய்கிறோம், இன்வெர்ட்டர் மெஷினில் நன்றாகவே போகிறது. முன்பு அதற்குப் பச்சை வைத்திருந்தோம்.

மாறினபோது ஒரு பையன் கேட்டான், "அப்ப நீலத்துக்கு மாஸ்க் வேணாம்லண்ணே?" வேண்டும். எந்த உலோகத் தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை, சாணைக்கல் தூளும் சேர்ந்தே பறக்கிறது.

இனி கை வேலை. மேலே சொன்ன அந்த ஒரு அணு கனத்துப் படலத்தை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லாமே சுலபமாகப் புரியும்.

முதலாவது போஸ்ட் ஃப்ளோ, அதாவது ஆர்க் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆர்கான் ஓடுவது. ஆர்க்கை அணைத்ததும் ஆர்கானை மிச்சம் பிடிக்கிறேன் என்று டார்ச்சைத் தூக்கிவிடுவதுதான் நான் பார்த்த பெரிய தப்பு. ராடு அப்போது செக்கச்செவேலென்று இருக்கும், காற்றுப் பட்டால் ஆக்சைடாகி நீலம், ஊதா, கருப்பு என்று நிறம் மாறும். ஆக்சிஜன் அந்த ஒரு அணு கனத்துப் படலத்துக்கு விஷம் மாதிரி. பழைய வால்வுகளில் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தது இதற்காகவும்தான். 10 ஆம்பியருக்கு ஒரு வினாடி என்று கணக்கு வையுங்கள், 60 ஆம்பியரில் ஆறு வினாடி, டார்ச்சை அசைக்காமல் அங்கேயே பிடியுங்கள். ராடு வெள்ளி மாதிரி இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நிறம் மாறிய ராடோடு அடுத்த ஆர்க் பிடிக்க முயன்றால் ஆர்கானைவிட ராடுக்கும் நேரத்துக்கும்தான் அதிகச் செலவாகும். ஆர்கான் ஃப்ளோவை நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டருக்குள் வையுங்கள். கூட வைத்தால் நல்லது என்று 18, 20 வைக்கிறார்கள், அது சுழன்று வெளிக்காற்றையும் சேர்த்து இழுத்துவரும். ஃபேன் காற்று நேராக அடிக்கிற இடத்தில் உட்காரக் கூடாது, மதுரை வெயிலில் இது கொடுமைதான், ஃபேனை முதுகுப் பக்கம் தாழ்வாக வைத்து, தகட்டைச் சுற்றி அட்டைத் தடுப்பு வைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது சாணை. ராடைக் கல்லில் நீளவாக்கில் பிடிக்க வேண்டும், கோடுகள் முனையை நோக்கி ஓட வேண்டும். குறுக்கே பிடித்தால் வளையம் வளையமாகக் கோடு விழும், ஆர்க் அந்த வளையங்களில் ஏறி இறங்கி அலையும். கூரின் நீளம் ராடின் விட்டத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு. கரண்டு அதிகமாக ஓட்டும் வேலை என்றால் ஊசிமுனையைக் கொஞ்சம் தட்டையாக்கி விடுங்கள், இல்லாவிட்டால் அந்த நுனி உருகித் தகட்டுக்குள் விழும், எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்து வேலையே திரும்பி வரும். டங்ஸ்டனுக்கென்று தனிக் கல் கட்டாயம், டைமண்ட் வீல் என்றால் இன்னும் நல்லது. எங்கள் பட்டறையில் முன்பு ஒரே கல்லில் ஆங்கிளும் தீட்டுவோம், உளியும் தீட்டுவோம், டங்ஸ்டனும் தீட்டுவோம். கல்லில் ஒட்டியிருக்கிற இரும்பு கூரில் ஏறிவிடும். 2 சதவீதத்தை அளந்து பதித்து அனுப்புகிறார்கள், நாம் அதன் மேலே கண்டதையும் தேய்த்துவிட்டு ஆர்க் நிற்கவில்லை என்கிறோம்.

ராடு உருகிய குளத்தில் தொட்டுவிட்டாலும், இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கிற ஃபில்லர் ராடு கூரில் பட்டுவிட்டாலும் அதோடு தொடர்ந்து ஓட்டாதீர்கள். மேலே ஏறின எவர்சில்வர், அந்த அணுப் படலத்தை முழுக்க மூடிவிட்டது. லேசாகத் தொட்டிருந்தால் சாணை, நன்றாக முக்கியிருந்தால் அந்தத் துண்டைச் சுத்தமாக உடைத்து எறிந்துவிட்டுப் புதுக்கூர். உள்ளே பதிந்திருப்பதால் எந்த இடத்தில் உடைத்தாலும் அதே சரக்குதான், கவலை வேண்டாம்.

விட்டம் பற்றிச் சுருக்கமாக. 1.6 மில்லி ராடு 150 ஆம்பியர் வரைக்கும் போதும், அதற்கு மேலே 2.4. கனமான ராடில் குறைந்த கரண்டு ஓட்டினால் முனை போதிய அளவு சூடாகாது, தோரியமோ லாந்தனமோ மேலே வராது, ஆர்க் மூலைக்கு மூலை ஓடும். பெரிய ராடு அதிக நாள் வரும் என்று 40 ஆம்பியர் வேலைக்கு 2.4 போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெயின்ட் அடித்த முனையைத் தீட்டாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ராடின் இரண்டு பக்கத்தையும் கூர் தீட்டி வைத்துக்கொண்டால் வேலை வேகமாகப் போகும் என்று எங்கள் பையன்கள் அப்படித்தான் செய்தார்கள், ஒரு மாதத்தில் டப்பாவில் இருபது முப்பது துண்டு, எது சிவப்பு எது நீலம் எது சாம்பல் என்று யாருக்கும் தெரியாது. கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, எல்லாம் ஒரே சாம்பல் கம்பி. அவ்வளவையும் ஒதுக்கி, எல்லாமே சிவப்பு என்று வைத்துக்கொண்டு, மூடியுள்ள டப்பாவில் போட்டுத் தனியே வைத்துவிட்டேன்.

இப்போது எந்தக் கடையில் வாங்கினாலும், எவ்வளவு தெரிந்த கடையாக இருந்தாலும், புதுப் பெட்டியைப் பிரித்ததும் நடுவிலிருந்து ஒரு ராடை உருவி, டைமண்ட் வீலில் கூர் தீட்டி, டிசி நெகட்டிவில் 60 ஆம்பியர் வைத்து, கழிவுத் தகட்டில் பத்து வினாடி ஆர்க், பத்து வினாடி ஓய்வு என்று இருபது தடவை பிடித்துப் பார்க்கிறோம். இருபதாவதும் முதலாவது மாதிரியே உடனே பிடிக்க வேண்டும். அப்புறம் பூதக்கண்ணாடியில் கூரைப் பார்க்கிறோம். மணி கட்டியிருந்தால் பெட்டி திரும்பிப் போகும். கட்டவில்லையென்றால் பெட்டி மேலே தேதியை எழுதி, நிறத்துக்கு ஒரு தட்டு என்று பிரித்து வைத்திருக்கிற அலமாரியில் வைக்கிறோம். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பையன், பத்தொன்பது வயசு, இப்போது இந்தச் சோதனையை அவன்தான் செய்கிறான், செய்யும் முன்னால் மாஸ்க்கை மூக்கில் நன்றாக அழுத்திக்கொள்கிறான்.